பஸ்ஸான கதவு

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த பஸ்தான். வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டியபடியே பிள்ளைகள் ஊர் ஊராகப் போகிறார்கள். அதில் தீப்பெட்டிப் படம் ஒட்டுவது தனிக் குஷி. பழங்கதவின் கனம் படிக்கிறவர் உள்ளங்கைக்கே வந்துவிடும்.

தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆள்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றுகிறார். கி.ரா. அவசரப்படவில்லை. தூக்கிப் போகிறவர்கள் பின்னால் பிள்ளைகள் வாயாலேயே மேளம் கொட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். அவர்களுக்கு அதுவும் விளையாட்டு. வயிறு கலங்குவது முதலில் நமக்குத்தான். அவர்களுக்குச் சேதி பிறகுதான், அடைக்க வழியில்லாத வாசலில் நுழையும் குளிரோடு, வந்து சேர்கிறது. முன்கூட்டியே கண்ணீர் கேட்காத இந்தப் பொறுமை லேசில் கைவராது. பால்யம் கலைவதை எழுதும் பலரும் இந்த இடத்தில்தான் குரலை உயர்த்திவிடுவார்கள்.