நாற்றங்காலை விட்டுவிட்ட ஆய்வுகள்

கையில் ஒரு பிடியைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொல்வார்கள். வலது கையில் இரண்டு முறை, இடது கையில் இரண்டு முறை. எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்வார்கள். இந்திய முதுமையைப் பற்றிய நெடுங்கால ஆய்வான 'லாசி'யில் உடல் வலிமையை அளந்த முறைகளில் இது ஒன்று. 2017-18இல் நடந்த அதன் முதல் சுற்றில் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களுடைய துணைவருமாக 72,250 பேர் கலந்துகொண்டார்கள்.

மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்றுப் பறிக்கும் பெண்ணின் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பிடுங்கிய நாற்றைத் தண்ணீரில் அலசி, வேரில் ஒட்டிய சேற்றை உதறி, நாலு தாளையே கயிறாக்கி ஒரே சுற்றில் முடிச்சுப் போட்டுவிடும் கை அது. நடும்போது கட்டை விரலும் பக்கத்து இரு விரல்களும்தான் சேற்றில் இறங்கி ஏறும். இடுப்பு நிமிர்வதே இல்லை. கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். இப்படி முப்பது வருஷம் உழைத்த உடம்பைப் பற்றி உள்ளங்கையின் இறுக்கம் எவ்வளவு சொல்லிவிடும்?

லாசியைக் குறைத்துப் பேச நான் இதைச் சொல்லவில்லை. மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி, தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து, ரத்த அழுத்தத்தையும் கடனையும், நுரையீரல் திறனையும் தனிமையையும் ஒரே ஆளிடம் ஒரே வீட்டில் கேட்டன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் விரிவாகப் பேசுவது 15 முதல் 49 வயது வரைதான். பிள்ளை பெறும் வயது முடிந்த பெண்ணை அரசின் புள்ளிவிவரம் ஏறக்குறைய மறந்தே இருந்தது. அந்த மறதியைச் சரிசெய்தது லாசி. அது சின்ன வேலை இல்லை.

ஆனால் காவிரி டெல்டாவிலிருந்து பார்த்தால் அதன் குறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. அதன் மதிப்பீடுகள் மாநில அளவில் நிற்பவை. திருவாரூர் மாவட்டத்தைப் பற்றி அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இயக்கத் திறனைக் கேட்கும் கேள்விகளில் பல, மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வின் வழிவந்தவை. நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, ஒரு மாடி ஏற முடிகிறதா, மேசையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா? மாடியும் மேசையும் இல்லாத ஓட்டு வீட்டில் இருப்பவள் என்ன பதில் சொல்வாள்? நாடுகளை ஒப்பிட ஒரே கேள்விகள் வேண்டும் என்பது நியாயமான பதில்தான். அந்த ஒப்பீட்டுக்காக இங்கே நடவு வயலை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய குறை, ஆய்வு தொடங்கும் வயது. சிறு வயதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் அது நினைவிலிருந்து வரும் பதில். கதிர் முற்றிய பிறகு வந்து, நாற்றங்கால் எப்படி இருந்தது என்று விசாரிப்பதற்குச் சமம் இது.

நாற்றங்காலிலிருந்தே தொடங்கிய ஆய்வு தமிழ்நாட்டில் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எடை போட்டுப் பதிந்தது. வளரிளம் பருவத்தில் மறுபடி அளந்தது. பிற்பாடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். முப்பது வயதை நெருங்கியபோது 2,218 பேரைப் பரிசோதித்ததில், இளம் வயதிலேயே சர்க்கரையைக் கையாள முடியாத உடல்கள் கிராமத்திலும் நிறைய இருப்பது தெரிந்தது. இதே காலத்தில் தொடங்கிய டெல்லி ஆய்வு 2004இல் இன்னும் துல்லியமாகச் சொன்னது: கைக்குழந்தையாக மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை கூடிய பிள்ளைகளுக்கே பெரியவர்களானதும் சர்க்கரை நோய் அதிகம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த வகை அறிவு பொறுமையில்லாமல் கிடைக்காது. பத்தாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பிற்பாடு பரிசோதனைக்குள் வந்தது என்பது உண்மை. பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போகும் நாட்டில் இந்த இழப்பைக் குறைப்பது கடினம். ஆனாலும் என் அளவுகோலில் வேலூர்தான் முன்னே நிற்கிறது.

அங்கும் ஒன்று விடுபடுகிறது. உடம்பின் கணக்கு இருக்கிறது. அந்த உடம்பு உழைத்த நிலத்தின் கணக்கு மெல்லியதாகவே இருக்கிறது. நிலத்தின் கணக்கு டெல்டாவில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயத் தொடங்கினார். அவற்றில் ஒன்று அன்றைய தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி. 1930களில் மறு ஆய்வு நடந்தது. 2019இல் விவசாய ஆய்வு நிறுவனத்தார் மறுபடியும் போனார்கள். கூலி, குத்தகை, சாதி, நிலம் என்று நூறு வருஷப் பதிவு ஒரு டெல்டா கிராமத்துக்கு இருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். அதில் உடம்பு இல்லை. வேலூரில் வயல் இல்லை, பாலக்குறிச்சியில் உடல் இல்லை.

கட்டுரையின் தலைப்பில் நாலு துறைகளின் பெயர் இருந்தால் அது பல்துறை ஆய்வு ஆகிவிடாது. ஒரு துறை மற்றொரு துறையின் கேள்வியை மாற்ற வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் 2017இல் தொடங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வு இதில் தேறுகிறது. தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். கருச்சிதைவு உள்ளிட்ட பாதிப்புகளின் ஆபத்து அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. வேலையிடத்தின் வெப்பத்தை அளப்பவர் பிரசவ மருத்துவரோடு சேர்ந்தபோதுதான் இந்தக் கேள்வியே பிறந்தது.

ஆகவே என் தீர்ப்பு: டெல்டாவுக்கு வேண்டியது லாசியின் இன்னொரு சுற்று அல்ல. வேலூரின் பொறுமையும் பாலக்குறிச்சியின் நிலக்கணக்கும் அந்த வெப்ப ஆய்வின் கேள்வியும் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஆட்கள் தூரத்தில் இல்லை. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி, ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம். எல்லாம் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். கர்ப்பப் பதிவு செவிலியரிடம் இருக்கிறது. வாழ்க்கையின் மறுமுனையில், 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. இரண்டு பதிவுகளையும் கோக்கும் நூலைத்தான் பல்கலைக்கழகங்கள் கொண்டுவர வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் என்னிடம் பதில் உண்டு. 1944-45இல் நெதர்லாந்துப் பட்டினிக் குளிர்காலத்தின்போது கருவில் இருந்தவர்களை, பிரசவப் பதிவேட்டின் துணையோடு ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டு கழித்துத் தேடிப் பிடித்து, அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளத் திணறுவதைக் கண்டார்கள். 2016இல் நம் குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, சம்பா கருகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். ரேஷன் அரிசி இருந்ததால் இங்கே பட்டினி வரவில்லை. ஆனால் பருப்பும் மீனும் கூலிக்காசில் வருபவை, கூலி நின்றது. வாய்க்கால் வறண்டதால் வாய்க்கால் மீனும் இல்லை. அந்த மாதங்களில் வயிற்றில் இருந்து 2017இல் பிறந்த பிள்ளைகள் இப்போது நம் ஆரம்பப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். பிறந்தபோது எத்தனை கிலோ என்று எழுதிய தாய் சேய் அட்டையைப் பல அம்மாக்கள் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிறார்கள்.