போர்க்களம் காணாத குதிரைப்படை

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் கடைத்தெருவான ஷெர்புரூக் தெரு வழியாகவே கிழக்கே போனால் மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகம் வரும். 1912-இல் அது இத்தெருவுக்குக் குடிவந்த காலத்தில் நகரத்துச் செல்வர்களுக்கு ஒல்லாந்து ஓவியங்கள் என்றால் கொள்ளை ஆசை. ரயில்வே அதிபர் வில்லியம் வான் ஹோர்னும் வங்கித் தலைவர் ஜார்ஜ் டிரம்மண்டும் அவற்றை வாங்கிச் சேர்த்தார்கள். துணி வணிகர் எட்வர்ட் கிரீன்ஷீல்ட்ஸ் 1906-இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

அவர்களைக் கவர்ந்தது ஹேக் நகர ஓவியர் குழு. சாம்பல் வானம், ஈர மணல், மேயும் மாடுகள்: கதையைவிட வெளிச்சமே இந்த ஓவியர்களுக்கு முக்கியம். படைவீரர்களையும் இதே கண்ணோடுதான் பார்த்தார்கள்.

அதற்குச் சிறந்த சான்று ஜார்ஜ் பிரைட்னர். 1881-இல் ஹேக் ஓவியர் மெஸ்டாக் தீட்டிய, 120 மீட்டர் சுற்றளவுள்ள வட்டக் கடற்கரைக் காட்சியில் அவரும் வேலை செய்தார். அந்தக் கரையில் குதிரைப்படை பயிற்சி செய்கிறது. பரந்த வானத்தின் கீழ் அது சிறு கூட்டம்தான். 1885-86-இல் அவர் வரைந்த ‘மஞ்சள் குதிரைவீரர்கள்’ ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைப் பீரங்கிப் படையினர் மணல்மேட்டிலிருந்து நம்மை நோக்கிப் பாய்ந்து இறங்குகிறார்கள். முகங்கள் தெளிவில்லை, சீருடையின் மஞ்சள் பட்டிகள் மட்டும் பளிச்சிடுகின்றன. தளபதியின் வீரப் பார்வையோ, உயர்த்திய கொடியோ, வெற்றி முழக்கமோ இல்லை. குதிரையின் எடையும் வேகமுமே படத்தைத் தாங்குகின்றன. அரசவைப் போர் ஓவியங்களின் பொய்ப் பெருமையை இவ்வளவு எளிதாக உதறியது பெரிய சாதனை.

ஆனால் குறையும் அங்கேதான் பிறக்கிறது.

ஐரோப்பாவில் ஒல்லாந்து அப்போது நடுநிலை நாடு. உள்நாட்டுப் படைக்குப் பயிற்சியே வேலை. அதே ஆண்டுகளில் அதன் காலனிப் படை சுமத்திராவின் ஆச்சேயில் போரிட்டுக்கொண்டிருந்தது. 1873-இல் தொடங்கிய அந்தப் போர் பல பத்தாண்டுகள் நீண்டது. முதல் படையெடுப்பிலேயே பண்டா ஆச்சேயின் பெரிய பள்ளிவாசல் எரிந்தது. ஹேக் ஓவியர்களின் மணற்குன்றுகளில் அதன் புகை சிறிதும் படவில்லை. போர் இல்லாத படையை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டினால், படை என்பதே தீங்கற்ற இயற்கைக் காட்சியாகிவிடுகிறது. ஒவ்வொரு படமும் நேர்மையானது. மொத்தமாகப் பார்த்தால் பாதி உண்மை.

ஓவியத் திறனில் பிரைட்னருக்கு முழு மதிப்பெண் தரலாம். காலத்தின் சாட்சியாக அவரை மட்டும் நம்ப முடியாது. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரை அறிந்த தமிழ் வாசகர், இத்தகைய படத்தின் முன் நிற்கும்போது தூரிகையை ரசிக்கட்டும். அது வரையப்பட்ட ஆண்டில் அந்நாட்டுப் படை வேறெங்கே நின்றது என்றும் கேட்கட்டும்.