ஒரு ராத்திரிக் கணக்கு

அமெரிக்க வீட்டுவசதித் துறை தன் நாட்டுக் காங்கிரசுக்கு ஆண்டுதோறும் ஒரு அறிக்கை தருகிறது. வீடற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் முன்னாள் ராணுவத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கு அது. அதை வெறும் புள்ளிவிவரமாகப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம். ஒரு பிரதியாகவும் படிக்க வேண்டும். எண்ணுறவன் யாரு, எண்ணப்படுறவன் யாரு என்று கேட்டுப் படிக்க வேண்டும்.

ஜனவரிக் கடைசிப் பத்து நாளில் ஏதோ ஒரு ராத்திரி. காப்பகங்களில் படுத்திருப்பவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். வெளியே பாலத்தடி, பூங்கா, நிறுத்திவைத்த கார் என்று தேடிப் போகிறார்கள். பட்டாளத்தில் இருந்தேன் என்று சொன்னவர் கணக்கில் ஏறுகிறார். அன்றைக்குத் தங்கச்சி வீட்டுக் கூடத்தில் படுத்தவன் இல்லை. ஜெயிலில் கிடந்தவன் இல்லை. கண்ணில் படாமல் ஒதுங்கத் தெரிந்தவனும் இல்லை. அந்தக் குளிரில் எவன் வெட்டவெளியில் உட்கார்ந்து காத்திருப்பான்?

2010இல் 74,087 பேர். 2024இல் 32,882 பேர். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இது பொய் என்று சொல்ல வரவில்லை. 2008 முதல் வாடகை உதவியும், கூடவே கவனித்துக்கொள்ளச் சமூகப் பணியாளரும் கொடுத்தார்கள். ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். அரசு மனசு வைத்தால் நடக்கும்.

ஆனால் வீடற்ற முன்னாள் வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பர். முன்னாள் வீரர்கள் அத்தனை பேரிலும் கறுப்பர் எட்டில் ஒருவர்தான். ஏன் இப்படி? அந்த ஒரு ராத்திரிக் கணக்குக்கு இதைச் சொல்ல வாய் இல்லை.

பதில் பழைய காகிதங்களில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கௌரவம் என்றும் சொல்லாமல் கௌரவக்கேடு என்றும் சொல்லாமல், நீலக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பலரை வெளியே அனுப்பினார்கள். ராணுவத்தில் கறுப்பர் பத்தில் ஒருவர்கூட இல்லை. நீலக் காகிதம் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பர். 1944ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வீட்டுக் கடனும் படிப்பும் அந்தக் காகிதக்காரனுக்கு மறுக்கப்பட்டன. நல்ல காகிதம் வைத்திருந்தவனுக்கு மட்டும் என்ன கிடைத்தது? 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில், முன்னாள் வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு தரப்பட்ட வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அதில் கறுப்பர்களுக்குப் போனது 2. இரண்டு சதவீதம் இல்லீங்க, இரண்டே இரண்டு.

அப்பன் வாங்க முடியாத வீடு மகனுக்கு எங்கிருந்து வரும்?

நமக்கு இது புதுசு இல்லை. வேண்டியபோது மகார்களைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்ட வெள்ளைக்காரன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், போர்ச் சாதி இல்லை என்று கதவைச் சாத்தினான். சேரியில் எத்தனை குடிசை என்று எண்ண ஆள் வருவான். சேரி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்ற கேள்விக்கு அவன் படிவத்தில் கட்டம் இருக்காது.

எண்ணிக்கை வேண்டாம் என்பதல்ல. எண்ணாவிட்டால் நாம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர் என்று கேட்கும்போதே, எந்தக் காகிதத்தால் தெருவுக்கு வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தையும் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட வேண்டும்.