பெயர் மாறிய ரோலருக்கு உதிரிபாகத் தேர்வு: மாடல் பெயர் முறையின் நிறையும் குறையும்

மண்ணை இறுக்கும் வைப்ரேட்டர் ரோலர் ஒன்று நல்ல பராமரிப்பில் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும். அதற்குள் அதன் மாடல் பெயர் சந்தையில் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். சில வேளை அதைச் செய்த நிறுவனமே கை மாறியிருக்கும். ஆனாலும் உதிரிபாகக் கடையில் முதலில் எழும் கேள்வி ‘எந்த மாடல்?’ என்பதுதான். மாடல் பெயரையும் பாகத்தின் பெயரையும் சொல்லி, கடைக்காரரின் ஒப்பீட்டுப் பட்டியலில் எண்ணைத் தேடி வாங்குவது இந்தத் தொழிலில் ஊறிப்போன முறை. இதற்குப் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் மாடல் பெயர் ஓர் இயந்திரக் குடும்பத்தைத்தான் அடையாளம் காட்டும். எந்தப் பாகம் பொருந்தும் என்பதை அது மட்டும் தீர்மானிக்காது. இந்த எல்லை மறக்கப்படும் இடத்தில் பணமும் வேலைநாளும் வீணாகின்றன.

பெயர் மாறும் காரணங்கள்

முதல் காரணம் உரிமை மாற்றம். இங்கர்சால் ராண்ட் நிறுவனம் தன் சாலை இயந்திரப் பிரிவை 2007இல் வால்வோவுக்கு விற்றது. பெங்களூரு ஆலையும் அந்த விற்பனையில் அடங்கியது. எஸ்டி 110 என்ற மண் ரோலர் அதே எண்ணோடு வால்வோ பெயரில் தொடர்ந்து வந்தது. ஜெர்மனியின் வைப்ரோமேக்ஸ் மரபோ இரண்டு கிளையானது. அந்நிறுவனத்தை 2005இல் ஜேசிபி வாங்கியது. விஎம் 115 போன்ற ரோலர்கள் ஜேசிபி பெயரில் வந்தன. மற்றொரு கிளை இந்தியாவில்: மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் எல் அண்ட் டி – கேஸ் கூட்டு நிறுவனம் செய்துவந்த 1107, எல் அண்ட் டி 2011இல் தன் பங்கை விற்ற பின் கேஸ் பெயரில் நிலைத்தது. 1107 டிஎக்ஸ், 1107 இஎக்ஸ் என வால் எழுத்துகள் மட்டும் மாறின.

டைனாபாக் வரலாறு இன்னும் சிக்கலானது. 2007இல் அது அட்லஸ் காப்கோவின் கைக்குப் போனது. பின்னர் பெரிய ரோலர்கள் 2017இல் ஃபயாட் குழுமத்துக்கும், பிளேட் காம்பாக்டர், ரேமர் முதலிய சிறு இயந்திரங்கள் 2018இல் ஹஸ்க்வர்னாவுக்கும் பிரிந்தன. எல்எஃப் 75 என்ற பிளேட் காம்பாக்டரை டைனாபாக், அட்லஸ் காப்கோ, ஹஸ்க்வர்னா ஆகிய மூன்று பெயர்களிலும் காணலாம்.

இரண்டாவது காரணம் தலைமுறை மாற்றம். போமாக் நிறுவனம் பிடபிள்யூ 213 என்ற பெயரை வைத்துக்கொண்டு டி-2, டி-3, டி-4, டி-5 எனக் கடைசி எண்ணை உயர்த்திக்கொண்டே போனது. கேட்டர்பில்லரோ சிஎஸ்-533இ என்ற நீண்ட பெயரைச் சுருக்கி சிஎஸ்54 என்றும், அடுத்த தலைமுறையை சிஎஸ்54பி என்றும் அழைத்தது.

மூன்றாவது காரணம் புகை விதிகள். கட்டுமான இயந்திரங்களுக்கான புகை வரம்பு இந்தியாவில் 2011 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் இறுகியது. விதி இறுகும்போது பம்பும் நாசிலும் கொண்ட பழைய எஞ்சின் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சின் வருகிறது. அதை ஒட்டிப் பெயரில் ஓர் எழுத்து கூடுகிறது.

மாடல் பெயர் முறையின் நிறைகள்

மாடல் பெயர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுமொழி. அதில் பொதிந்த தகவலும் குறைவில்லை. டைனாபாக் பெயரில் சிஏ என்றால் ஒற்றை டிரம், சிசி என்றால் இரட்டை டிரம். கேட்டர்பில்லரில் சிஎஸ் வழவழப்பான டிரம், சிபி ஆட்டுக்கால் டிரம். போமாக் பிடபிள்யூ 120 ஏடி-யின் டிரம் அகலம் 1,200 மி.மீ., பிடபிள்யூ 213-இன் அகலம் 2,130 மி.மீ. பழகிய மெக்கானிக் பெயரைக் கேட்டவுடனே இயந்திரத்தின் உருவத்தை மனத்தில் வரைந்துவிடுவார்.

ஒற்றை டிரம் ரோலரின் அமைப்பும் இந்த முறைக்குத் துணை நிற்கிறது. முன்பாதியில் டிரம், பின்பாதியில் எஞ்சினும் பின்அச்சும், நடுவே இரண்டையும் இணைக்கும் திருப்ப மூட்டு. புகை விதிக்காகப் பெயர் மாறும்போது பெரும்பாலும் பின்பாதியே மாற்றம் காண்கிறது. டிரம் பேரிங், ரப்பர் பேட், மண் சுரண்டும் தகடு முதலியவை தலைமுறை தாண்டியும் நீடிப்பது உண்டு. தேய்ந்து மாறும் எளிய பாகங்களுக்கு, பெயரறிந்து வாங்கும் முறை விரைவானது. பல வேளை போதுமானதும்கூட.

குறைகள்

முதல் குறை, ஒரே பெயருக்குள் வெவ்வேறு உள்ளமைப்பு இருப்பது. ஒரு மாடல் விற்பனையில் இருக்கும் ஆண்டுகளிலேயே எஞ்சின், பம்ப், பின்அச்சு ஆகியவற்றின் தயாரிப்பாளர் மாறலாம். பெயர்ப்பலகையில் அதன் சுவடே இருக்காது. இரண்டாவது குறை இதன் மறுபக்கம்: வெவ்வேறு பெயருக்குள் ஒரே பாகம் இருப்பது. பெயர் வழக்கொழிந்ததும் ‘பாகம் வருவதில்லை’ என்ற பதில் வந்துவிடுகிறது. புதிய பெயரில் அதே பாகம் அலமாரியில் இருக்க, ரோலர் தளத்தில் நிற்கிறது. மூன்றாவது குறை, இயந்திரமே மாறியிருப்பது. இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்த ரோலரில் வேறு எஞ்சினோ வேறு பம்போ ஏறியிருந்தால் மாடல் பெயர் பழங்கதைதான்.

ஒரு பேரிங்கை எடுத்துப் பார்த்தால் குறையின் ஆழம் விளங்கும். அதிர்வுத் தண்டில் 22320 வகைப் பேரிங் கழற்றப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணின் பொருள்: கோள வடிவ ரோலர் பேரிங், உள்விட்டம் 100, வெளிவிட்டம் 215, தடிமன் 73 மி.மீ. எந்தக் கடையில் கேட்டாலும் இதே அளவு கிடைக்கும். ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் சங்கதி இருக்கிறது. எஸ்கேஎஃப் தயாரிப்பில் ‘விஏ405’, எஃப்ஏஜி தயாரிப்பில் ‘டி41ஏ’ என்ற குறி இருந்தால் அது அதிர்வுக்கெனச் செய்த பேரிங். அதன் கூடு வலுவானது. உள் இடைவெளி ‘சி4’ என்னும் அகன்ற அளவு. நொடிக்கு 30 அதிர்வு என்றால் தண்டு நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சமனற்ற எடை பேரிங்கை உலுக்குகிறது. சாதாரண 22320 அங்கே அச்சாகப் பொருந்தும், ஓடவும் செய்யும். பிறகு சூடேறிக் கூடு உடையும். அளவு ஒத்துப்போனதே பிழையை மறைத்துவிடுகிறது.

ரப்பர் பேட்டிலும் இதே கதை. போல்ட் துளைகளும் உயரமும் ஒன்றாக இருக்கும். ரப்பரின் கடினம் வேறாக இருக்கும். ஒரு டிரம்மில் கடினம் மாறுபட்ட பேட்கள் கலந்தால் சுமை சமமாகப் பகிரப்படாது. இறுகிய பேட்கள் முதலில் கிழியும், அதிர்வு ஓட்டுநர் இருக்கைவரை ஏறும்.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

மாடல் பெயரை விடத் துல்லியமானது தொடர் எண். கேட்டர்பில்லர் இயந்திரத்தின் 17 குறிகளில் கடைசி எட்டே முக்கியம்: முதல் மூன்று வகை முன்னொட்டு, மீதி ஐந்து வரிசை எண். பாகப் புத்தகத்தில் ‘இந்த எண் முதல் இந்த எண் வரை’ என்று வரம்பு குறித்திருப்பதால், ஒரே மாடலுக்குள் நடந்த மாற்றம் பிடிபடுகிறது. வாக்கர் நாய்சனின் ரேமர் தகட்டில் மாடல் பெயருடன் பொருள் எண்ணும் திருத்த எண்ணும் தனித்தனியே இருக்கின்றன. சரியான பாகப் புத்தகத்தை எடுக்க அவ்விரண்டும் வேண்டும். ஆனால் தகடு கழன்று விழுவதும், பெயின்ட் அடியில் மறைவதும் சாதாரணம். சட்டத்தில் பொறித்த எண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். தவிர, தொடர் எண் சொல்வது ரோலர் ஆலையை விட்டு வந்த நாளின் நிலையை. அதன் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்புவது பாகத்தின் மேலேயே உள்ள தகடு. கம்மின்ஸ் எஞ்சினில் எஞ்சின் எண்ணும் சிபிஎல் எண்ணும் (எஞ்சினின் பாகப் பட்டியலைக் குறிக்கும் எண்) இருந்தால் ரோலரின் பெயரே தேவையில்லை. ஹைட்ராலிக் பம்பிலும் அப்படியே. டான்ஃபாஸ் 90 வரிசைப் பம்பில் ‘90ஆர்075’ என்று இருந்தால் 75 சி.சி., வலச்சுழற்சி. ‘90எல்075’ என்றால் இடச்சுழற்சி. ஓர் எழுத்து தவறினால், கையில் ஒன்றுபோல் தெரியும் பம்ப் அழுத்தமே ஏற்றாமல் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். குறியீட்டின் பின்பகுதி கட்டுப்பாட்டு வகையையும் அழுத்த அமைப்பையும் சொல்வதால் முழுவதையும் எழுதியாக வேண்டும். முதல் ஐந்தாறு குறிகளோடு நிறுத்துவது அரைகுறை வேலை.

மாற்று எண்களின் சங்கிலி இன்னொரு வழி. நிறுவனம் ஒரு பாக எண்ணை நிறுத்திப் புதிய எண் தரும்போது, பழைய இயந்திரத்துக்குப் புதிய பாகம் பொருந்தும் என்பது பொருள். புதிய இயந்திரத்துக்குப் பழைய பாகம் பொருந்தும் என்று அதைத் திருப்பிப் படிக்கலாகாது. சில வேளை புதிய எண் ஒரு தொகுப்பாக இருக்கும்: சீலோடு ஸ்லீவும் சேர்ந்தே மாற வேண்டும். வெளிச்சந்தை ஒப்பீட்டுப் பட்டியல்கள் இந்தத் திசையையும் நிபந்தனையையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, இரு எண்களுக்கு நடுவே சமக்குறி போடுகின்றன. அவற்றைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம். முடிவாகக் கொண்டால் ஆபத்து.

கழற்றிய பாகத்தை அளந்து வாங்குவது பட்டறைகளின் பழைய வழி. ஆயில் சீல், ஓ-ரிங், ஹோஸ் போன்றவற்றுக்கு அது நம்பத்தக்கது. ஆனால் தேய்ந்த பாகம் தேய்ந்த அளவையே காட்டும். பொருளின் தரத்தையும் உள் இடைவெளியையும் காலிப்பர் காட்டாது.

பாகத்துக்கேற்ற முறை

மேற்சொன்ன எந்த முறையும் தனியாக நின்று முழுமை பெறுவதில்லை. பாகத்தின் தன்மைக்கேற்பச் சான்றைக் கூட்டிக்கொள்வதே பயன் தரும். சுரண்டு தகடு, விளக்கு முதலியவற்றுக்கு மாடல் பெயர் போதும். ஃபில்டருக்கு எஞ்சின் எண்ணும் வேண்டும். சுழலும், அழுத்தம் தாங்கும் பாகங்களுக்குத் தொடர் எண், பாகத்தின் சொந்தத் தகடு, கழற்றிய பாகத்தின் முழுக் குறி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முரண்பட்டால் இயந்திரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். காரணம் தெரியும்வரை வாங்குவதை நிறுத்துவது நல்லது.

இந்தச் சான்றுகளைக் காப்பது உரிமையாளர் கையில் இருக்கிறது. ரோலர் கைக்கு வந்த நாளிலேயே தகடுகளைப் படம் பிடித்து, மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் முழுக் குறியையும் தேதியையும் மணிநேர அளவையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஒன்றிரண்டு ரோலர் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள், தவறான பாகம் அதிகம் வலிப்பதும் அவர்களுக்கே. மாடல் பெயர் இன்னும் பலமுறை மாறலாம். நோட்டில் ‘22320, விஏ405, இரண்டு, டிரம் இடப்பக்கம்’ என்ற ஒரு வரி இருந்தால், அடுத்த பேரிங் வாங்கும்போது அந்தப் பெயரை நம்பியிருக்க வேண்டியதில்லை.