அச்சு யாருடையது?

கடலூர் மாவட்டத்தில் மண்ணை உருவமாக்கும் தொழில் ஊருக்கு ஒரு விதமாக நடக்கிறது. கடலூர் நகரத்தையொட்டிய வண்டிப்பாளையத்திலும் கெடிலக் கரையில் இருக்கும் பண்ருட்டியிலும் கொலு பொம்மைகளும் விநாயகர் சிலைகளும் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பிறக்கின்றன. மேற்கே விருத்தாசலத்தில், நெய்வேலிச் சுரங்கத்தையொட்டிக் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் பட்டறைகள் அகல் விளக்கும் சிறு பொம்மையும் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. தெற்கே சிதம்பரத்தில் செய்வதைவிட விற்பது அதிகம். பித்தளை, மண், பிளாஸ்டர் எனப் பல பொருள்களில் ஒரே நடராசர் கடைகளில் நிற்கிறார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது அச்சு. அச்சில் பிறந்ததாலேயே இவற்றைக் கைவினை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தவறான இடத்தில் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அச்சு உண்டா இல்லையா என்ற கேள்வி கைவினையின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. அச்சுக்கு மூலமான உருவத்தைப் புதிதாக வடிக்கும் திறனும் உரிமையும் யாரிடம் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

களிமண் பொம்மை உருவாகும் வழியைப் படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும். மண்ணைக் காயவைத்து, உடைத்து, சலித்து, ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கிப் பிசைவது முதல் வேலை. பதமான மண்ணைத் தகடாகத் தட்டி, முன்பாதி அச்சிலும் பின்பாதி அச்சிலும் விரலால் அழுத்தி, இரண்டையும் குழைத்த மண்ணால் ஒட்டுகிறார்கள். உள்ளே கூடாக இருக்க வேண்டும்; சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும்; ஈரம் முழுக்க வற்றியிருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் சூளையில் விரிசல் விடும். நிழலில் உலர்த்தி, சுட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்த பிறகே வண்ணம். கண் எழுதுவது கடைசி. காகிதக் கூழில் கிழங்கு மாவும் சுண்ணத் தூளும் சேரும். எடை குறையும், சூளை வேண்டாம், வெயில் போதும். எந்தப் பொருளானாலும் அச்சு தருவது உருவத்தின் பருமனை மட்டுமே. ஒரே அச்சில் பிறந்த இரண்டு கிருஷ்ணர்களில் ஒருவர் சிரிப்பதும் மற்றவர் விறைத்துப் பார்ப்பதும் கண் எழுதிய கையைப் பொறுத்தது.

அச்சுக்கும் முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. ஒருவர் உட்கார்ந்து மூல உருவத்தை மண்ணில் வடிக்க வேண்டும். கையும் காலும் ஆடை மடிப்பும் அச்சில் சிக்காமல் கழன்று வரும்படி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இதற்குப் பல நாள் ஆகும். அந்த நாள்களுக்குக் கூலி கிடையாது. குறுக்கு வழி எளிது: சந்தையில் நன்றாக விற்கும் பொம்மையை வாங்கி, அதன்மேலேயே அச்செடுத்துவிடலாம். ஆனால் களிமண் உலர்ந்து சுடும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 30 செ.மீ. பொம்மையிலிருந்து எடுத்த அச்சில் பிறப்பது 27 செ.மீ. அளவில் நிற்கும், அதிலிருந்து மறுபடி எடுத்தால் 24 செ.மீ.க்கு இறங்கும். மூலத்தின் மேலிருந்த வண்ணப் பூச்சு பள்ளங்களை நிரப்பியிருப்பதால் நகையின் வரியும் விரலிடுக்கும் மழுங்கிப்போகும். படிக்குப் படி எடுக்கப்பட்ட பொம்மை தன் பிறப்பைத் தன் உடம்பிலேயே காட்டிவிடுகிறது. கைவினை தேய்வதை இங்கே அளவுகோல் வைத்தே அளக்கலாம்.

விருத்தாசலத்துச் செராமிக் வேலையில் இந்த விதி இன்னும் கடுமையானது. அங்கே மண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, சில மில்லிமீட்டர் கனத்துக்கு மண் உட்சுவரில் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் கூடான பொம்மை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வார்ப்பிலும் பிளாஸ்டர் கொஞ்சம் தேய்கிறது. வார்ப்புகளின் எண்ணிக்கை நூறை நெருங்கும்போதே முகத்தின் கூர்மை போய்விடும். மூலத்திலிருந்து புது அச்சு எடுத்தாக வேண்டும். மூலம் கையில் இருக்கிற பட்டறை மறுபடி கூர்மைக்குத் திரும்பும். படியெடுத்துப் பிழைக்கிற பட்டறைக்குத் திரும்புவதற்கு இடமில்லை. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையம் இதே ஊரில் இருப்பதால், உலை வெப்பத்தையும் மெருகுப் பூச்சையும் கற்பிப்பதோடு உருவம் வடிப்பதையும் அங்கே முதன்மைப் பாடமாக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

சிதம்பரத்து நடராசர் இந்த வாதத்தின் மறுமுனையில் நிற்கிறார். சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையில் முதலில் மெழுகில் முழு உருவம். அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு. சூட்டில் மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகம். கடைசியில் மண் கூட்டை உடைத்து உருவத்தை வெளியே எடுப்பது. அச்சு ஒருமுறைதான் வாழ்கிறது. ஆகவே ஒவ்வொரு நடராசருக்கும் மூலத்தைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். செலவும் காலமும் ஏறினாலும் வடிக்கும் கை ஓய்வதில்லை. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்துக்கு இந்தியா அளித்து 2004-இல் நிறுவப்பட்ட 2 மீட்டர் சிலையும், 2023-இல் டெல்லி ஜி-20 மாநாட்டு அரங்கின் முன் நின்ற 27 அடிச் சிலையும் தில்லைக் கூத்தன் உலகெங்கும் போனதற்குச் சான்றுகள். டெல்லிச் சிலை சுவாமிமலையில் செய்யப்பட்டது. அதே வடிவம் பிளாஸ்டரில் வார்க்கப்பட்டு வரவேற்பறை அலங்காரமாகவும் போயிருக்கிறது. தெய்வ உருவம் அலங்காரப் பொருளாவதைப் பற்றிய கவலை நமக்கு மட்டும் உரியதன்று.

பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் டீக்கி என்று அழைக்கப்படும் உருவங்கள் முன்னோரையும் தெய்வங்களையும் குறிப்பவை. மரத்திலும் கல்லிலும் செதுக்கப்பட்டவை. 1930-களில் கலிபோர்னியாவில் தொடங்கிய தென்கடல் பாணி மதுக்கூடங்கள் அந்த முகங்களைச் சுவரிலும் தூணிலும் பதித்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவை குடிகோப்பைகளாயின. விருத்தாசலத்தில் நடக்கிற அதே குழம்பு வார்ப்பு முறையில், பெருமளவில், ஜப்பானியத் தொழிற்சாலைகளிலும் அவை வார்க்கப்பட்டன. யார் வடித்த முகம், எந்தத் தீவின் முன்னோர் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. 1970-களில் மோகம் வடிந்தது. 1990-களில் சில கலைஞர்கள் தாங்களே மூலத்தை வடித்து, தாங்களே அச்செடுத்து, குறைந்த எண்ணிக்கையில் கோப்பை செய்யத் தொடங்கினார்கள். 2000-இல் ஸ்வென் கிர்ஸ்டன் எழுதிய டீக்கி பற்றிய நூல் அந்த ஆர்வத்தைப் பரப்பியது. இன்று அந்தக் கோப்பைகளைத் தேடிச் சேகரிப்போர் உண்டு. அச்சு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாறியது அச்சின் பின்னால் நிற்கும் ஆள்.

இந்த ஒப்பீட்டுக்கு மறுப்பு எழும். டீக்கி முகத்தை எடுத்து விற்றவர்கள் பெரும்பாலும் அதை வழிபட்டவர்கள் அல்லர். பாலினேசிய மக்களிடையே அதைப் பற்றிய மனக்கசப்பு இன்றும் உண்டு. புதிய கலைஞர்கள் தாமே அச்சு வெட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடலூரிலோ தசாவதாரத்தைச் செய்கிறவரும் வாங்கிக் கொலு வைக்கிறவரும் ஒரே மரபின் மக்கள். புதுவீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் துருத்திய கண்ணும் நீட்டிய நாக்கும் பார்வைக்குப் பசிபிக் முகங்களை நினைவூட்டலாம். ஆனால் அது இன்னும் தன் சொந்த வேலையையே செய்துகொண்டிருக்கிறது. மறுப்பு சரியானது. அதிலிருந்து நமக்குக் கவலை வேண்டாம் என்ற முடிவுக்குப் போவதுதான் சரியில்லை. மரபு ஒன்றாக இருந்தும், செய்தவர் பெயர் தெரியாத நிலையும் மூலத்தை மதிக்காத சந்தையும் இங்கேயும் உருவாகியிருக்கின்றன. வெளியார் எடுத்தாலும் உள்ளூர்க்காரர் எடுத்தாலும், வடித்தவருக்கு ஏற்படும் இழப்பு ஒன்றே.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் செட்டியார் பொம்மையும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்துதான் இந்தக் கலை வளர்ந்தது. படியெடுப்பதால் விலை குறைகிறது, எளிய குடும்பமும் கொலு வைக்க முடிகிறது. இதில் முக்கால் பங்கு உண்மை. பார்த்துச் செய்கிறவர் தன் கண்ணாலும் விரலாலும் புதிய மூலத்தை வடிக்கிறார்; அது கல்வி. பொம்மையின்மேல் பிளாஸ்டர் ஊற்றுகிறவர் எதையும் கற்பதில்லை. நரசிம்மரின் இலக்கணம் எல்லோருக்கும் பொது. அந்த இலக்கணத்துக்கு ஒருவர் கொடுத்த முகபாவம் அவருடைய உழைப்பு. குறைந்த விலையும் நெடுநாள் நிலைக்காது. புது உருவம் வடிப்பவருக்குப் பலன் இல்லையென்றால் அவர் வடிப்பதை நிறுத்துவார். பிறகு படியெடுக்கவும் தேய்ந்த பொம்மைகளே மிஞ்சும்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் பட்டறைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். சுவாமிமலை வெண்கலத்துக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் அது கிடைத்திருக்கிறது. தனி ஒருவரின் உருவத்தை அது காக்காது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை தருகிறது. ஆனால் விற்பனைக்கு வருமுன் பதிய வேண்டும். பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50 முறைக்கு மேல் படியெடுத்துவிட்டால் பதிப்புரிமையும் முடிந்துவிடும் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒரு கொலுப் பருவத்தில் ஓர் அச்சு 50 பொம்மை தருவது சாதாரணம்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையமும் கைத்திறத் தொழில் நிறுவனமும் விற்பனைக் கண்காட்சியோடு நின்றுவிடாமல், புது மூலம் வடிக்கும் நாள்களுக்கு உதவித்தொகை தரவேண்டும். பருவம் தொடங்குமுன் பதிவு செய்ய ஊருக்கே ஆள் அனுப்ப வேண்டும். கடலூர் அரசு அருங்காட்சியகம் பழைய அச்சுகளைச் செய்தவர் பெயரோடும் ஆண்டோடும் சேகரித்தால் அடுத்த தலைமுறை கற்க ஒரு பள்ளி உருவாகும். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பட்டறையின் முத்திரை இருக்கட்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விலக்கியிருப்பதால், விநாயகர் சிலைத் தொழில் மறுபடி மண்ணுக்குத் திரும்ப வேண்டிய காலம் இது. அந்தத் திருப்பத்தோடு புதிய மூலங்களும் வரலாம். வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: விலை கேட்கும் முன் யார் வடித்தது என்று கேட்பது. அந்தக் கேள்வி கடைத்தெருவில் வழக்கமானால், கடைக்காரர் பதிலுக்காகப் பட்டறையைத் தேடிப்போவார். வடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு ஏறும். அச்சைக் குறைசொல்லி இந்தத் தொழிலைக் காப்பாற்ற முடியாது. அச்சுக்கு மூலம் வடிப்பவருக்குக் கூலியும் பெயரும் கொடுத்தால் முடியும்.