ஆமொவும் அமோவும்

ஸ்பானியம் படிப்பவர்கள் கூடினால் பேச்சு ஒழுங்கற்ற வினைகளின் பக்கமே போகும். 'இரு' என்ற பொருளுள்ள 'சேர்' எப்படிச் 'சோய்' ஆகிறது, 'ஏரெஸ்' ஆகிறது, கடந்த காலத்தில் 'ஃபுய்' ஆகிப் 'போ' என்ற பொருளுள்ள 'ஈர்' வினையோடு எப்படி ஒன்றாகிவிடுகிறது என்று வியந்து சொல்வார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மொழியின் அழகை ஒருவருக்கு ஒரே பக்கத்தில் காட்டச் சொன்னால் நான் 'அமார்' வினையின் வாய்பாட்டைத்தான் விரித்து வைப்பேன். அமார் என்றால் நேசித்தல். எந்த விதியையும் மீறாத வினை. 1713-இல் தொடங்கிய ஸ்பானிய அரச கழகம், வினைத்திரிபுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட மூன்று வினைகளில் முதலாவது. மற்ற இரண்டும் 'தெமேர்' (அஞ்சுதல்), 'பர்த்தீர்' (புறப்படுதல்). ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று குடும்பங்களுக்கு இவை மூத்த பிள்ளைகள்.

இங்கே ஸ்பானியச் சொற்களை எப்படி எழுதியிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மொழியில் குறில், நெடில் என்ற பேதம் கிடையாது; இருப்பது அழுத்தம். ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஓர் உயிரில் குரல் ஊன்றும். ஊன்றும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆமொ: நான் நேசிக்கிறேன். அமோ: அவன் நேசித்தான், அல்லது அவள் நேசித்தாள். ஆமெ: நேசிக்கட்டும். அமே: நான் நேசித்தேன். குரல் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்ததும் 'நான்' 'அவன்' ஆகிறது, இன்று நேற்றாகிறது. அமார என்றால் 'நேசித்தால்' என்ற கற்பனை; அமரா என்றால் 'நேசிப்பாள்' என்ற உறுதி. ரோமன் எழுத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது கடைசி உயிரின் தலையில் விழும் ஒரு சாய்கோடு மட்டும்தான். இத்தனை சிறிய அசைவில் இத்தனை பெரிய மாற்றம் என்பதுதான் இந்த வினையை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதற்குக் காரணம்.

தமிழ் வினையோடு வளர்ந்தவருக்கு இங்கே பாதி வீடு பழகினதுதான். 'நேசித்தேன்' என்றால் நாம் 'நான்' சொல்லத் தேவையில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆனால் நம் சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து வைக்கலாம். 'அமே' என்பதில் பகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒற்றை 'ஏ'. தன்மை, ஒருமை, கடந்த காலம், முடிந்த செயல், நடந்தது நடந்தபடி என்ற உறுதி எல்லாம் அந்த ஓர் உயிருக்குள் இருக்கின்றன. பிரிக்கப் போனால் பிரிக்க ஒன்றும் இல்லை.

நிகழ்காலத்தின் ஆறு வடிவங்களை வரிசையாகச் சொன்னால் ஒரு தாளம் கேட்கும். ஆமொ, ஆமஸ், ஆம, அமாமொஸ், அமாய்ஸ், ஆமன். குரல் மூன்று முறை வேரில் நிற்கிறது, 'நாங்கள்', 'நீங்கள்' என்ற இரண்டில் வெளியே போகிறது, 'அவர்கள்' வரும்போது மறுபடி வேருக்குத் திரும்புகிறது. பின்னாளில் மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் பல ஒழுங்கற்ற வினைகளின் விதை இந்தத் தாளத்தில்தான் இருக்கிறது. குரல் வேரில் நிற்கும்போது சில வேர்களின் உயிர் இரண்டாக விரிகிறது, நகர்ந்துவிட்டால் விரிவதில்லை. அமார் வினையின் வேர் விரியாதது என்பதால் தாளம் மட்டும் சுத்தமாகக் கேட்கிறது.

தொடர் கடந்த காலத்தில் இதற்கு நேர்மாறு. அமாப, அமாபஸ், அமாப, அமாபமொஸ், அமாபய்ஸ், அமாபன். ஆறிலும் குரல் ஒரே உயிரில். இது லத்தீனிலிருந்து அப்படியே வந்ததில்லை. லத்தீனில் 'நாங்கள் நேசித்துவந்தோம்' என்பது அமபாமுஸ்; குரல் ஓர் அசை தள்ளி விழுந்தது. அதை இழுத்து மற்ற வடிவங்களோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்தியது காஸ்தீயம், அதாவது ஸ்பானியம். இதை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. பேசியவர்களின் காது தானாகத் தேடிக்கொண்ட ஒழுங்கு அது.

அமோ, அமாப இரண்டும் கடந்த காலமே. இவற்றின் வேறுபாட்டைக் 'குறுகிய செயல், நீண்ட செயல்' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அது சரியான வழியில்லை. ஒருத்தியை ஆயுள் முழுக்க நேசித்தான் என்று சொல்ல ஸ்பானியர் எடுப்பது 'அமோ'தான். ஐம்பது வருடமானாலும் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, வெளியே நின்று முழுதாகப் பார்க்கிறோம். 'அமாப' என்றால் நாம் அந்தக் காலத்துக்குள்ளேயே நிற்கிறோம். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெரியாது, அது கேள்வியும் இல்லை. ஒரு கதைசொல்லி தொடர் கடந்த காலத்தில் ஊரையும் வெயிலையும் பழக்கங்களையும் விரித்துக்கொண்டே போய், திடீரென்று ஒரு 'ஓ' முடிவை வைத்தால் கதவு திறந்து ஆள் உள்ளே வந்தது போல இருக்கும். தமிழில் 'நேசித்தான்' இரண்டு வேலையையும் பார்க்கும். பழக்கத்தைத் தனியே காட்ட வேண்டுமென்றால் நாம் எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம்: 'அந்தக் காலத்தில் தாத்தா விடியுமுன் பாடுவார்.' நம் எதிர்காலம் இப்படிப் பழைய நாட்களுக்குள் போய் உட்காருவதை அமாபவோடு பழகிய பிறகுதான் நான் நின்று கவனித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் உயிர்மாற்றம். 'ஆம' என்றால் நேசிக்கிறாள். 'ஆமெ' என்றால் நேசிக்கட்டும், நேசிக்க வேண்டும், நேசிக்கக்கூடும். தெமேர் குடும்பத்தில் இது தலைகீழ்: 'தேமெ' என்பது நடப்பு, 'தேம' என்பது விருப்பம். 'அ'வுக்கோ 'எ'வுக்கோ தனியாக எந்தப் பொருளும் இல்லை. அந்தக் குடும்பத்துக்குரிய உயிரை விட்டு விலகியதுதான் பொருள். மோகனத்தில் காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் சிவரஞ்சனி. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, மனநிலை முழுவதும் மாறிவிடும். இங்கேயும் அப்படித்தான்.

கடலை நேசிக்கும் ஒருவனைத் தேடுகிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் 'ஆம' என்று சொன்னால் அப்படி ஒருவன் இருக்கிறான், அவளுக்குத் தெரிந்தவன், எங்கேயோ போய்விட்டான். 'ஆமெ' என்று சொன்னால் அவன் இன்னும் அவள் மனத்தில் மட்டும்தான் இருக்கிறான். 'வருதல்' என்ற பொருளுள்ள யெகார் வினையிலும் இதே நுட்பம் உண்டு. 'அவள் வரும்போது' என்பதை 'யேக' என்று சொன்னால் வழக்கமாக வருகிறவள். 'யேகெ' என்று சொன்னால் இன்னும் வராதவள். வராத ஒன்றை வந்ததாகச் சொல்ல அந்த இலக்கணம் சம்மதிப்பதில்லை. ஊர்வலங்களில் எழும் 'வீவ' என்ற முழக்கமும் இந்த உயிர்மாற்றத்தால் வந்ததுதான். வாழ்தல் என்னும் 'விவீர்' வினையின் விருப்ப வடிவம் அது, நம் 'வாழ்க'.

எதிர்காலத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமரே, அமராஸ், அமரா, அமரேமொஸ், அமரேய்ஸ், அமரான். வினையின் முழு வடிவமான 'அமார்' அப்படியே இருக்க, பின்னால் 'ஏ, ஆஸ், ஆ...' என்று ஒட்டியிருப்பது 'உடையேன், உடையாய், உடையான்' என்ற பழைய துணைவினையின் நிகழ்காலம். 'நேசித்தலை உடையேன்' என்பது இறுகி 'நேசிப்பேன்' ஆகியிருக்கிறது. இதை அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492-இலேயே தன் காஸ்தீய இலக்கணத்தில் கண்டு சொல்லிவிட்டார். இந்த ஒட்டு பல நூற்றாண்டுகள் முழுதாக இறுகாமலே இருந்தது. இடைக்கால ஸ்பானியத்தில் வினைக்கும் முடிவுக்கும் நடுவே 'அதை', 'உனக்கு' போன்ற சொற்களைச் செருக முடிந்தது. போர்த்துகீசியத்தின் முறையான எழுத்தில் அந்த வழக்கம் இன்றும் உண்டு.

பேச்சில் இப்போது எதிர்காலத்தைச் சொல்ல வேறு தொடர்கள் வந்துவிட்டன. 'போகிறேன்' என்ற வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்வதே அதிகம். அதனால் இந்தப் பழைய வடிவத்துக்கு ஊகம் என்ற வேலை பெரிதாகிவிட்டது. நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது; 'யார் அழைப்பதாக இருக்கும்' என்று நாம் கேட்பதை அவர்கள் 'அழைத்தல்' என்ற பொருளுள்ள யமார் வினைக்கு எதிர்கால முடிவு போட்டு 'யமரா' என்று கேட்பார்கள். 'இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்' என்று நாமும் எதிர்காலத்தால்தான் ஊகிக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், தெரியாததைச் சொல்ல இனி வருவதன் வடிவத்தையே எடுத்திருக்கின்றன.

'உடையேன்' என்ற அந்தத் துணைவினையின் கடந்த காலத்தை ஒட்டினால் அமரீய. 'நேசிப்பேன் என்றாள்' என்று நாம் அவள் பேச்சை 'என்று' போட்டு அப்படியே எடுத்து வைக்கிறோம். ஸ்பானியம் வைப்பதில்லை, அவள் சொன்ன அமரே, அதைப் பிறர் எடுத்துச் சொல்லும்போது அமரீய ஆகிறது. இந்த வடிவத்துக்கு மிக அழகான பெயர் வைத்தவர் அந்த்ரேஸ் பெயோ. காரகாஸில் 1781-இல் பிறந்து, லண்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்து, சிலியில் குடியேறிய அறிஞர். அந்த நாட்டின் உரிமையியல் சட்டத்தை வரைந்தவரும் அவரே. 1847-இல் வந்த தன் இலக்கணத்தில் அவர் காலங்களுக்கெல்லாம் முன், உடன், பின் என்ற மூன்று முன்னொட்டுகளால் பெயரிட்டார். அமாப என்பது 'உடன்-இறந்தகாலம்', நடந்து முடிந்த ஒன்றுக்கு உடன் நிகழ்ந்தது. அமரீய என்பது 'பின்-இறந்தகாலம்', நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின் வருவது. பெயரைக் கேட்டதும் காலத்தின் இருப்பிடம் கண்ணில் தெரிகிறது. மெக்சிகோவின் பள்ளிப் புத்தகங்களில் 'கொப்ரெத்தேரித்தொ', 'பொஸ்ப்ரெத்தேரித்தொ' என்ற அவருடைய பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. இலக்கணக் கலைச்சொற்களில் இவ்வளவு தெளிவானவற்றை நான் அதிகம் கண்டதில்லை.

கற்பனைக்குரிய கடந்த காலத்துக்கு ஒன்றுக்கு இரண்டு வடிவங்கள்: அமார, அமாஸெ. பொருள் ஒன்றே, அமெரிக்கக் கண்டத்தில் முதலாவதே பெரும் வழக்கு, ஸ்பெயினில் இரண்டும் உண்டு. அமார லத்தீனில் 'நேசித்திருந்தேன்' என்று உறுதியாகச் சொல்லும் வடிவத்திலிருந்து வந்தது. நூற்றாண்டுகள் போகப் போக, நடந்தது என்ற நிலத்தை விட்டு நடக்காதது என்ற நிலத்துக்கு அது குடிபெயர்ந்தது. பழைய நினைவு முழுதாகப் போகவில்லை. நாளிதழ் நடையில் 'அவர் நேசித்திருந்த ஊர்' என்பதற்கு இந்த வடிவத்தை இன்றும் காணலாம்.

அமாரெ என்று இன்னொன்று இருக்கிறது. இனி நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற எதிர்காலத்துக்கானது. பேச்சில் மறைந்துவிட்டது. பழமொழிகளிலும் சட்டத்திலும் மட்டும் நிற்கிறது. ஸ்பெயினின் 1995-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 138-ஆம் பிரிவில் கொலையைப் பற்றிச் சொல்லும்போது 'மத்தாரெ' என்ற வடிவத்தையே வைத்திருக்கிறது. ஒருவன் கொல்வானாயின் என்பது பொருள். மத்தார் வினையும் அமாரைப் போலவே ஒழுங்கானதுதான். இன்னும் நிகழாத, நிகழவே வேண்டாத ஒரு செயலைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் அந்த மொழியில் இல்லை.

ஆர் குடும்பம் இன்றும் பெருகிக்கொண்டே இருக்கிறது. ட்வீட், சாட், ஸ்கேன் என்று எந்தப் புதுச்சொல் வினையாக வந்தாலும் இங்கேதான் சேர்கிறது. சேர்ந்த அன்றே எல்லா வடிவங்களும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன.

வளர்ச்சி வடிவங்களிலும் நடக்கிறது. லத்தீன் பன்மையிலிருந்து வந்த பழைய அமாதெஸ் நடுவிலிருந்த மெய்யை இழந்து ஸ்பெயினில் அமாய்ஸ் ஆனது, லா பிளாத்தா நதிக்கரை நாடுகளில் அமாஸ் ஆனது. அங்கே அது மரியாதைப் பன்மையாக இல்லாமல் நெருங்கியவரை அழைக்கும் 'வோஸ்' என்ற ஒருமைக்கு உரியதாகிவிட்டது. வேறு பல ஊர்களில் 'தூ ஆமஸ்' என்றால் அர்ஜென்டினாவில் 'வோஸ் அமாஸ்'. ஏவலிலும் 'ஆம' இல்லை, 'அமா'. ஸ்பானிய மொழிக் கழகங்கள் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட புதிய இலக்கணம், வினை அட்டவணைகளில் தூவுக்குப் பக்கத்திலேயே வோஸுக்கும் இடம் தந்திருக்கிறது. 'நேசிக்காதே' என்று விலக்கும்போது மட்டும் இன்னும் இரண்டு வழக்கு உண்டு. 'நோ ஆமெஸ்' என்பது பொது வடிவம். புவனோஸ் ஐரிஸில் 'நோ அமேஸ்' என்றும் காதில் விழும்; அது சற்றுக் கண்டிப்பான விலக்கல்.