கதையுலகும் ஆடுகளமும்: மிகுபுனைவு நாவல்களின் விளையாட்டு வடிவமும் சங்கரன்கோவில் தலக்கதையும்

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, தழுவல், பாத்திரமேற்று ஆடுதல், உரிப்பொருள், ஆடித்தபசு

முன்னுரை

ஒரு நாவல் திரைப்படமாகும்போது அதன் கதை பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. அதே நாவல் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டாகும்போது கதை பின்வாங்கி, கதை நிகழ்ந்த உலகம் மட்டுமே எஞ்சுகிறது. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கிவைத்த இவ்வகை விளையாட்டில் சிலர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் சூழலை எடுத்துரைக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தம் செயலைச் சொல்கின்றனர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடையும் விதிகளும் முடிவு செய்கின்றன. இவ்வாறு முடிவு திறந்திருக்கும் களத்திற்கு ஒரு நாவலிலிருந்து எதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

முதல், கரு, உரி

தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்பு இவ்வினாவை அணுக உதவுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், மா, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். இவ்விரண்டையும் தொகுத்தால் விளையாட்டு நூல்கள் தரும் நிலப்படத்தையும் உயிரினப் பட்டியலையும் ஒத்ததொன்று கிடைக்கும். உரிப்பொருளோ மாந்தரின் ஒழுக்கம். அகத்திணைக்குரிய இக்கலைச்சொல்லை ஒரு படைப்பின் மைய ஒழுக்கம் என்று இங்கு விரித்துக் கொள்ளலாம். முதலையும் கருவையும் வருணனையால் கடத்திவிட முடியும்; விளையாட்டில் உரியைக் கடத்துபவை விதிகளே.

ஒரு நாவல், இரு களங்கள்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) இதற்குத் தக்க சான்று. 1984இல் ஐயர்ன் கிரவுன் எண்டர்பிரைசஸ் வெளியிட்ட 'மிடில் எர்த் ரோல் பிளேயிங்', தன் களத்தை மூன்றாம் யுகத்தின் 1640ஆம் ஆண்டையொட்டி அமைத்தது. நாவலின் போருக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் முந்திய காலம் அது. நாவலின் தலைமை மாந்தரிடமிருந்து ஆடுவோரை விடுவித்த நல்ல முடிவு இது. நிலமும் குலங்களும் அதில் விரிவாக இடம்பெற்றன. ஆனால் விதிகள் 'ரோல்மாஸ்டர்' என்னும் வேறொரு விளையாட்டிலிருந்து எளிமையாக்கிக் கொள்ளப்பட்டவை. டோல்கீனிடம் மந்திர ஆற்றல் அரிது, அடங்கியது. இங்கோ ஆடுவோர் தேர்ந்துகொள்ளும் தொழில்களுள் மந்திரவாதியும் ஒன்று. முதலும் கருவும் டோல்கீனுடையவை, உரி வேறு.

2011இல் வந்த 'தி ஒன் ரிங்' அதே நிலத்தை எடுத்துக்கொண்டு, போருக்குச் சுமார் எழுபது ஆண்டுகள் முந்திய காலத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நம்பிக்கை, நிழல் என்னும் இரு அளவைகள் உண்டு. நிழல் ஏற ஏறப் பாத்திரம் உள்ளுக்குள் குலைகிறது. நெடும்பயணத்தின் களைப்புக்கும், பயணம் முடிந்தபின் இளைப்பாறுதலுக்கும் தனி விதிகள் உள்ளன. சோர்வின் நடுவே நம்பிக்கையைக் காப்பதே நாவலின் உரி என்றால், இவ்விளையாட்டு அதை விதியாக்கியிருக்கிறது. லவ்கிராஃப்டின் கதைகளைத் தழுவிய 'கால் ஆஃப் கதுல்லு' (1981) அறிவுநிலையைத் தேயும் அளவையாக வைத்ததும் இவ்வழியே ஆகும்.

சங்கரன்கோவில் என்னும் உரைகல்

தமிழ்க் கதையுலகு ஒன்றை இவ்வாறு களமாக்கினால் எழும் சிக்கலைச் சங்கரன்கோவில் தலக்கதை தெளிவாகக் காட்டுகிறது. அடியார்க்கு அது புனைவன்று. ஒப்பீடு கதையமைப்பளவில் நிற்கிறது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என வழக்கிடுகின்றனர். கோமதியம்மன் புன்னைவனத்தில் தவமிருக்க, இறைவன் சங்கரநாராயணராக ஓருருவில் காட்சி தருகிறார். புன்னைவனம் முதற்பொருள், புற்றும் நாகமும் புன்னையும் கருப்பொருள். உரிப்பொருள் போர் அன்று; காத்திருத்தல். வழக்கில் எவரும் வெல்வதில்லை என்பதே கதையின் முடிவு.

இதை வழக்கமான போர் விதிகளுக்குள் வைத்தால் நிகழக்கூடியதற்கு முன்னுதாரணம் உண்டு. 1980இல் வெளிவந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இந்தியத் தொன்மங்களுக்கும் ஓர் இயல் ஒதுக்கி, இந்திரன், விஷ்ணு, காளி முதலியோருக்கு உயிர்ப்புள்ளியும் காப்பெண்ணும் குறித்தது. எண் வந்தவுடன் யார் பெரியவர் என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. சங்கரன்கோவில் கதை விடையளிக்க மறுத்த வினாவும் அதுவே. ஆகவே இத்தகைய தழுவல் கதையை எளிமைப்படுத்துவதோடு நில்லாமல், அதன் பொருளையே தலைகீழாக்கிவிடும்.

வெற்றி தோல்வி இல்லையெனில் ஆடுவோர்க்கு என்ன எஞ்சும் என்று வினவலாம். ஆடித்தபசு இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. முடிவு அனைவரும் அறிந்ததே. ஆயினும் ஆண்டுதோறும் மக்கள் அம்மனோடு தபசுக் காட்சிக்குக் காத்திருக்கின்றனர். உழவர்கள் பருத்தி, மிளகாய் எனத் தம் விளைபொருளைத் தூவி நிகழ்வில் பங்குகொள்கின்றனர். இது சடங்கு, முடிவைத் தேரும் உரிமை இங்கு எவர்க்கும் இல்லை என்பதால் விளையாட்டாகாது. எனினும், முடிவு அறிந்த கதையிலும் பங்கேற்பு பொருளுடையதாகலாம் என்பதை இது மெய்ப்பிக்கிறது. நாகர் இருவரின் குடிமக்களாக ஆடுவோரை நிறுத்தி, எதிர்த்தரப்பின் உண்மையை எவ்வளவு ஏற்க முடிகிறது என்பதை அளவையாக வைத்தால், வழக்கும் ஆடத்தக்கதாகும், உரியும் கெடாது.

முடிவுரை

களமாக்கத்தின் தரத்தை நிலப்படத்தின் விரிவைக் கொண்டோ, பெயர்களின் துல்லியத்தைக் கொண்டோ மதிப்பிடுதல் போதாது. மூலத்தின் உரிப்பொருள் எந்த விதியில் குடியேறியிருக்கிறது என்பதே முதன்மை வினா. நாட்டார் கதைகளையும் தலபுராணங்களையும் தமிழ் நாவல்களையும் விளையாட்டாக்க முனைவோர், பிறமொழி விதித்தொகுப்பைப் பெற்றுப் பெயர்களை மட்டும் மாற்றும் எளிய வழியைத் தவிர்க்க இவ்வினா துணைசெய்யும்.